டூன்: நாவலைப் படித்தவர்கள் படத்தோடு ஏன் மல்லுக்கட்டுகிறார்கள்?

ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டூன்' நாவலில், அராக்கிஸ் கிரகத்தின் தலைநகர் அராக்கீனில், மாளிகைக்கு முன்னால் இருபது பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. மழையே பார்க்காத கிரகம் அது. ஒரு மரம் நாளொன்றுக்கு 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், ஒரு மனிதனுக்கு 8 லிட்டர் போதும், ஆக ஒரு மரம் ஐந்து பேருக்குச் சமம், இருபது மரம் நூறு பேருக்குச் சமம் என்று டாக்டர் யூவே ஜெஸிக்காவிடம் கணக்குச் சொல்கிறார். 2021-ல் டெனி வில்நெவ் எடுத்த படத்தில் இந்தக் கணக்கைச் சொல்பவர் ஒரு தோட்டக்காரர். கேட்பவன் ஜெஸிக்காவின் மகன் பால். சொல்கிற ஆள், கேட்கிற ஆள், சூழ்நிலை எல்லாமே மாறிவிட்டன. ஆனாலும் நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்த மாற்றத்தைப் பெரிய குறையாகச் சொல்வதில்லை. அதே ரசிகர்கள், அதே படத்தில் ஒரு விருந்துக் காட்சி இல்லாமல் போனதற்கு இன்னமும் ஆதங்கப்படுகிறார்கள்.

ஒன்றைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னொன்றை ஏன் பொறுக்கவில்லை? நாவலைப் படமாக்குவதைத் தழுவல் என்கிறோம். தழுவலைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டைகளைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கதையில் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. காட்சி போனாலும் அது செய்த வேலை வேறெங்காவது நடந்துவிட்டால் வாசகர் சமாதானமாகிவிடுவார். காட்சியோடு வேலையும் சேர்ந்து போனால் குறைப்படுவார். காட்சி அப்படியே இருந்து அதன் அர்த்தம் மட்டும் தலைகீழாகிவிட்டால் கொதித்துப்போவார். பேரீச்ச மரத்தின் வேலை, தண்ணீரின் விலையைப் புரியவைப்பது. தோட்டக்காரர் சொன்னாலும் அது நடந்துவிடுகிறது.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தில் மட்டும்தான் 'ஸ்பைஸ்' என்ற பொருள் கிடைக்கிறது. ஆயுளைக் கூட்டும், அறிவைத் திறக்கும். விண்கலம் ஓட்டும் 'கில்ட்' அமைப்பினர் அது இல்லாமல் வழி கண்டுபிடிக்க முடியாது. ஹார்க்கோனன் வம்சத்திடம் இருந்த அந்தக் கிரகத்தைப் பேரரசர், அட்ரெய்டிஸ் வம்சத்து லீட்டோவிடம் ஒப்படைக்கிறார். அது ஒரு பொறி. லீட்டோ சாகிறார். அவர் மகன் பாலும் அவன் தாய் ஜெஸிக்காவும் பாலைவனத்துக்குத் தப்பி, அங்கே வாழும் ஃப்ரெமன் மக்களிடம் சேர்கிறார்கள். ஜெஸிக்கா, பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பில் பயிற்சி பெற்றவள். 'வெளியிலிருந்து ஒரு மீட்பர் வருவார்' என்ற நம்பிக்கையை அந்த அமைப்பு பல தலைமுறைகளுக்கு முன்பே ஃப்ரெமன்களிடம் விதைத்து வைத்திருக்கிறது. பால் அந்த மீட்பராக ஏற்கப்பட்டு, அவர்கள் படையோடு பேரரசரையே வீழ்த்துகிறான்.

இந்தக் கதை 1963 முதல் 1965 வரை 'அனலாக்' இதழில் இரண்டு தொடர்களாக வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு, கார் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் 1965-ல் புத்தகமாகப் போட்டது. அடுத்த ஆண்டே ஹியூகோ விருதைப் பகிர்ந்துகொண்டது. சிறந்த நாவலுக்கான முதல் நெபுலா விருதும் இதற்குத்தான். முழுநீளத் தழுவல்கள் மூன்று வந்திருக்கின்றன. 1984-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த 137 நிமிடப் படம். 2000-ல் ஜான் ஹாரிசன் இயக்கிய மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர். பிறகு வில்நெவ்வின் இரண்டு படங்கள்: 2021-ல் வந்தது 155 நிமிடம், 2024 மார்ச் 1 அன்று வந்தது 166 நிமிடம். கூட்டினால் ஐந்து மணி இருபத்தொரு நிமிடம். அவ்வளவு நேரமும் நாவலுக்குப் போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போதாமல் போவதற்குப் பக்க எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. ஹெர்பர்ட் எழுதும் விதம் கேமராவுக்குப் பிடிபடாதது. ஒரே அறையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் நாலு பேர் மனதுக்குள்ளும் அவர் மாறி மாறிப் போய் வருவார். வாயால் சொல்வது ஒன்று, மனதில் ஓடுவது இன்னொன்று. வாசகனுக்கு இரண்டும் தெரியும், எதிரே இருப்பவனுக்கு ஒன்றுதான் தெரியும். நாவலின் சுவையில் பாதி அங்கேதான் இருக்கிறது. படத்தில் மனக்குரலைக் கேட்கவைக்க வேண்டுமானால் வாய்ஸ் ஓவர் வைக்கலாம், வசனமாக்கலாம், நடிகர் முகத்தை நம்பலாம், அல்லது வேறொரு கதாபாத்திரத்திடம் அந்த எண்ணத்தை ஒப்படைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் ஒரு கூட்டத்துக்குப் பிடிக்காது.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். பெனி ஜெஸரிட் மூதாட்டி மோஹியம், பதினைந்து வயதுப் பாலின் வலது கையை ஒரு பச்சை நிற உலோகப் பெட்டிக்குள் விடச் சொல்கிறாள். கழுத்தருகே கோம் ஜப்பார் என்ற விஷ ஊசி. கையை வெளியே எடுத்தால் சாவு. பெட்டிக்குள் இருப்பது வெறும் வலி. கை வெந்து, தோல் உரிந்து, எலும்பு மட்டும் மிஞ்சுவது போல அவன் உணர்கிறான். அப்போது அச்சத்தை வெல்லும் மந்திரத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான். 1984 படத்தில் அந்த மந்திரம் பாலின் கிசுகிசுப்பான மனக்குரலில் வருகிறது, கை கருகுவதையும் காட்டுகிறார்கள். நாவலுக்கு எழுத்துப்படி நெருக்கமான வழி இதுதான். ஆனால் படம் முழுக்க எல்லாரும் இப்படிக் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பதால், பலருக்கு அது உறுத்தலாகிப்போனது.

வில்நெவ் மந்திரத்தைப் பாலிடமிருந்து எடுத்துவிட்டார். அறைக்கு வெளியே, கதவுக்குப் பின்னால் நிற்கும் ஜெஸிக்கா அதை முணுமுணுக்கிறாள். உள்ளே பால் அந்த மந்திரத்தைச் சொல்வதே இல்லை. இந்த ஒரு மாற்றத்தால் காட்சியில் இரண்டு விஷயங்கள் கூடுகின்றன. மகனை இந்தச் சோதனைக்கு அனுப்பியவள் படும் பாடு கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தது யார் என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. புத்தகத்திலிருந்து விலகித்தான் புத்தகத்துக்கு நெருங்கியிருக்கிறார்கள். தழுவல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காட்சியைக் காட்டலாம்.

யூவே விஷயத்தில் அப்படி அமையவில்லை. நாவலில் லீட்டோவைக் காட்டிக்கொடுக்கும் துரோகி யார் என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். ஹார்க்கோனன் தரப்பே பெயரைச் சொல்லிவிடுகிறது. அட்ரெய்டிஸ் குடும்ப மருத்துவரான யூவே, சுக் மருத்துவப் பள்ளியில் 'பேரரசு உறுதிப்பாடு' பெற்றவர். அப்படிப் பயிற்சி பெற்றவரால் நோயாளிக்குத் தீங்கு செய்யவே முடியாது என்று ஊர் உலகமே நம்புகிறது. அதனால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை. சந்தேகம் ஜெஸிக்கா மேல் விழுகிறது, விழவைக்கவும் படுகிறது. கணினி போலக் கணக்குப் போடப் பயிற்சி பெற்ற லீட்டோவின் ஆலோசகர் துஃபீர் ஹவாட் அதை நம்பிவிடுகிறார். வாசகனோ உண்மை தெரிந்தும் தடுக்க முடியாமல் பதைபதைக்கிறான். 2021 படத்தில் யூவேயின் நெற்றியில் அந்தப் பயிற்சிக்கு அடையாளமான வைர வடிவக் குறி இருக்கிறது, அதற்கு விளக்கம் இல்லை. ஜெஸிக்கா மேல் சந்தேகம் என்ற கிளையையே வெட்டிவிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லாததால் துரோகம் ஒரு திடீர்த் திருப்பமாக வந்து போகிறது. படம் பார்த்த பலருக்கு யூவே என்ற பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. வாசகர்களின் குறை நியாயமானது என்றே சொல்ல வேண்டும். காட்சி இருக்கிறது, அது செய்ய வேண்டிய வேலை நடக்கவில்லை.

விருந்துக் காட்சி இன்னும் சிக்கலானது. அராக்கீனில் ஒரு பழக்கம். விருந்துக்கு வருபவர்கள் வாசலில் உள்ள தொட்டியில் கை நனைத்து, தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்து அதை அந்த ஈரத்திலேயே வீசுவார்கள். விருந்து முடிந்ததும் அந்தத் துண்டைப் பிழிந்து வரும் தண்ணீருக்காக வெளியே பிச்சைக்காரர்கள் காத்திருப்பார்கள். லீட்டோ இதை நிறுத்தச் சொல்கிறார். கேட்டு வருகிறவர்களுக்கு விருந்து நேரத்தில் ஆளுக்கொரு கோப்பை நல்ல தண்ணீர் கொடுக்க உத்தரவிடுகிறார். பிறகு மேசையைச் சுற்றி ஒரு தண்ணீர் வியாபாரி, கில்ட் வங்கியின் ஆள், கடத்தல்காரர், கிரகவியலாளர் கைன்ஸ் என்று அந்த ஊரின் அதிகாரம் அத்தனையும் உட்கார்ந்து, இனிமையாகப் பேசி ஒருவரையொருவர் குத்திக்கொள்கிறார்கள். தண்ணீர், பணம், உளவு, அட்ரெய்டிஸ்களின் நல்ல குணம், அந்த நல்ல குணத்தாலேயே அவர்கள் அழியப்போவது எல்லாம் இந்த ஒரு விருந்தில் இருக்கிறது.

ஏன் எடுக்கவில்லை என்பதும் புரிகிறது. பெயர் தெரியாத பத்துப் பேர் நீண்ட மேசையில் பேசிக்கொண்டே இருப்பார்கள், முக்கால்வாசி மனதுக்குள் நடக்கும். திரையில் அது வெறும் பேச்சாகப் போய்விடும். 2000-ம் ஆண்டுத் தொடர் விருந்தை வைத்தது, நாவலில் அங்கே இல்லாத, பேரரசரின் மகளான இளவரசி இருலனையும் கூடவே உட்கார வைத்தது. அந்தத் தொடரின் அரங்குகள் நாடக மேடை போல இருக்கும், பாலைவனம் ஸ்டுடியோவுக்குள் இருப்பது தெரியும். இருந்தாலும் பழைய வாசகர்கள் பலர் அதன் மேல் பாசம் வைத்திருப்பதற்கு இந்த மாதிரிக் காட்சிகளே காரணம். வில்நெவ் படத்தில் அந்த துண்டுப் பழக்கத்துக்காவது ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

இனி அதிகம் சண்டை நடக்கும் இடத்துக்கு வருவோம். 2024 படத்தின் மாற்றங்கள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் புரியாது, எனவே சங்கிலியாகப் பார்க்க வேண்டும்.

நாவலில் பால் ஃப்ரெமன்களோடு சேர்ந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கதை தாவுகிறது. அதற்குள் பாலுக்கும் அவன் காதலிக்கும் ஃப்ரெமன் பெண் சானிக்கும் ஒரு மகன் பிறக்கிறான், கடைசியில் கொல்லப்படுகிறான். கருவில் இருந்தபோதே தாய் சடங்கில் குடித்த 'ஜீவநீர்' என்ற விஷபானத்தால் முழு அறிவோடு பிறந்த பாலின் தங்கை ஆலியா, சின்னக் குழந்தையாக நடமாடிப் பெரியவள் போலப் பேசுகிறாள். கிளைமாக்ஸில் ஹார்க்கோனன் பிரபுவைக் கொல்வது அவள்தான். படமோ இந்தக் காலம் முழுவதையும் ஒரு கர்ப்பகாலத்துக்குள் அடக்கிவிட்டது. அப்படி அடக்கியதும் ஆலியா பிறக்க வழியில்லை. வயிற்றில் இருந்தபடி தாயோடு பேசுகிறாள், ஒரே ஒரு காட்சியில் எதிர்காலத் தோற்றமாக அன்யா டெய்லர் ஜாய் வந்து போகிறார். பாலின் மகனும் இல்லை. பிரபுவைக் கொல்லும் வேலை பாலிடம் வந்து சேர்கிறது.

ஆலியா இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். பேரறிவு கொண்ட மழலையை எழுத்தில் நம்பிவிடலாம். திரையில் ஒரு குழந்தை நடிகையிடம் அந்த வசனத்தைக் கொடுத்தால் சிரிப்பு வரும் அபாயம் அதிகம். 1984 படம் துணிந்து எடுத்தது, அந்தக் காட்சிகளைக் கண்டு சிலிர்த்தவர்களும் உண்டு, நெளிந்தவர்களும் உண்டு. ஆனால் காலத்தைச் சுருக்கியதன் விலை ஆலியாவோடு நிற்கவில்லை. ஒரு பாலைவன இனத்தின் தலைவனாகப் பால் வளரும் ஆண்டுகள் போய்விட்டன. மகனை இழந்த தகப்பன் என்ற கனமும் போய்விட்டது.

சானிதான் பெரிய மாற்றம். நாவலில் அவள் பாலின் துணை, அவனை நம்புகிறவள். முடிவில் பால் அரசியல் காரணத்துக்காக இருலனை மணக்க முன்வரும்போது, ஜெஸிக்கா சானியைத் தேற்றுகிறாள். நம்மைப் போன்ற ஆசைநாயகிகளை வரலாறு மனைவிகள் என்றே அழைக்கும் என்று அவள் சொல்வதோடு நாவல் முடிகிறது. படத்தில் சானி, மீட்பர் கதையை நம்பாதவள். வடக்கே இருக்கும் ஃப்ரெமன்கள் சந்தேகவாதிகள், தெற்கே இருப்பவர்கள் தீவிர பக்தர்கள் என்ற பிரிவே படத்துக்காக உருவாக்கியது. ஜீவநீர் குடித்து மயங்கிக் கிடக்கும் பாலை எழுப்ப, நாவலில் சானி தன் அறிவால் காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு சொட்டு ஜீவநீரைக் கொடுக்கிறாள். படத்தில் ஜெஸிக்கா குரல் வித்தையால் அவளைக் கட்டாயப்படுத்தி, அவள் கண்ணீரைக் கலக்கவைக்கிறாள். தான் நம்பாத தீர்க்கதரிசனத்தைத் தன் கையாலேயே நிறைவேற்றிவிட்டு, எழுந்த பாலை ஓங்கி அறைகிறாள். கடைசியில் எல்லோரும் மண்டியிட, அவள் மட்டும் நின்று பார்த்துவிட்டு வெளியேறி, ஃப்ரெமன்கள் சவாரி செய்யும் ராட்சத மணற்புழுவை அழைக்கிறாள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவான வாதங்கள் உண்டு. அரசியல் திருமணம் என்றால் என்னவென்று புரியாதவளாகச் சானியைக் காட்டிவிட்டார்கள், இருவருக்கும் இடையில் இருந்த ஆழமான நெருக்கம் காணோம், அடுத்த நாவலான 'டூன் மெசையா'வில் அவள் பாலோடுதானே இருக்கிறாள் என்பவை அவை. ஆதரித்துப் பேசுகிறவர்கள் ஹெர்பர்ட்டையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். மக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலைவன் பின்னால் போவதன் ஆபத்தைச் சொல்லத்தான் 'டூன்' எழுதினேன் என்பதை அவர் பலமுறை விளக்கியிருக்கிறார். ஆனால் முதல் நாவலைப் படித்த பெரும்பாலானோர் பாலை வீரனாகவே கொண்டாடினார்கள். 1969-ல் 'டூன் மெசையா' வந்தபோது அந்த வீரன் வீழ்வதைப் பார்க்கச் சகிக்காமல் போயிற்று. முதல் நாவலைத் தொடராக வெளியிட்ட 'அனலாக்' ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பல் அதை ஏற்க மறுத்தார், 'கேலக்ஸி' இதழில்தான் வந்தது.

நாவலில் அந்த எச்சரிக்கையைச் சுமப்பது பாலின் மனக்குரல். தன் பெயரில் பிரபஞ்சம் முழுக்கப் படுகொலை நடக்கப்போவதை அவன் முன்கூட்டியே பார்க்கிறான், அஞ்சுகிறான், தவிர்க்கப் பார்க்கிறான். மனக்குரலுக்கு வாய்ஸ் ஓவர் வேண்டாம் என்று முடிவெடுத்த படத்தில் அந்தக் குரலை எங்கே வைப்பது? வில்நெவ் அதைச் சானியின் முகத்தில் வைத்தார். பாலின் மனசாட்சி அவனைவிட்டு இறங்கி அவன் எதிரே நிற்கிறது. சானி என்ற கதாபாத்திரத்துக்கு இழப்புதான், மறுக்க முடியாது. ஆனால் நாவலின் உயிர்நாடியான வேலை நடந்திருக்கிறது. நாவலே படிக்காதவர்கள்கூட 'இவன் நல்லவன்தானா?' என்ற கலக்கத்தோடு அரங்கைவிட்டு வெளியே வருகிறார்கள். முதல் நாவலால் அறுபது ஆண்டுகளுக்கு முன் பலரிடம் செய்ய முடியாமல் போனது அது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1984 படத்தின் முடிவு. வென்ற பால் அராக்கிஸில் மழை பெய்யவைக்கிறான். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நாவலின் உலகத்தில் இது நடந்தால் எல்லாம் நாசம். மணற்புழுவுக்குத் தண்ணீர் விஷம், புழு இல்லாவிட்டால் ஸ்பைஸ் இல்லை, ஸ்பைஸ் இல்லாவிட்டால் விண்பயணம் இல்லை. கிரகத்தைப் பசுமையாக்க ஃப்ரெமன்கள் போட்டிருக்கும் திட்டம் முந்நூறு முதல் ஐந்நூறு ஆண்டுகள் எடுக்கும், அதுவும் புழுக்களுக்கென்று பாலைவனத்தை விட்டுவைத்துத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மழை பாலை உண்மையான கடவுளாக்கிவிடுகிறது. படத்தின் பல அம்சங்களைப் பாராட்டிய ஹெர்பர்ட்டே, கடவுள் வேடம் போட்ட மனிதனைக் கடவுளாகவே காட்டிவிட்டார்கள் என்று இந்த இடத்தில் குறைப்பட்டார். அதே படத்தில், உடலையும் மனதையும் பழக்கிப் பெறும் போர்க்கலைக்குப் பதிலாகக் குரலால் சுடும் ஒலி ஆயுதத்தை வைத்ததும் இப்படிப்பட்ட தலைகீழ் மாற்றம்தான். பயிற்சியால் வருவதைக் கருவியால் வருவதாக்கிவிட்டது.

ஆனாலும் லிஞ்ச் படத்துக்குப் பிடிவாதமான ரசிகர் கூட்டம் உண்டு. சுமார் 4 கோடி டாலர் செலவழித்த படம், அமெரிக்காவில் அந்தப் பணத்தையே திருப்பித் தரவில்லை. சில அரங்குகளில் பார்வையாளர்களுக்குக் கலைச்சொற்கள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். பிறகு தொலைக்காட்சிக்காக நீட்டித்த பதிப்பு பிடிக்காமல் லிஞ்ச் தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். வெட்டப்பட்ட காட்சிகளைத் தேடிச் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மறு எடிட்டிங் செய்த ரசிகர்களும் இருக்கிறார்கள். தங்கம் இழைத்த அரங்குகளும் விசித்திரமான கில்ட் நேவிகேட்டரும் வேறெந்த 'டூன்' படத்திலும் கிடைக்காதவை.

அந்த நேவிகேட்டரும் கில்டும் புதிய படங்களில் ஏறக்குறைய காணாமல் போய்விட்டன. நாவலின் கிளைமாக்ஸ் உண்மையில் ஒரு பேரம். ஸ்பைஸ் உற்பத்தியையே நிரந்தரமாக அழித்துவிடும் வழி தன்னிடம் இருப்பதாகப் பால் மிரட்டுகிறான். கில்டின் ஆட்கள் அதே அறையில் நிற்கிறார்கள். அவர்கள் பயந்து மேலே வட்டமிடும் படைகளைத் திருப்பி அனுப்ப, பேரரசருக்கு வேறு வழியில்லாமல் போகிறது. படத்தில் அணு ஆயுதத்தால் ஸ்பைஸ் வயல்களை அழிப்பேன் என்று பால் மிரட்டுகிறான், பெருவம்சங்கள் பணிய மறுக்கின்றன, அங்கேயே போர் தொடங்குகிறது. விறுவிறுப்பு கூடியது, பொருளாதாரம் போனது. 'ஸ்பைஸ் எதுக்குங்க இவ்வளவு முக்கியம்?' என்று புதிதாகப் படம் பார்த்தவர்கள் கேட்பதற்குக் காரணம், முதல் பாகத்தில் ஓரிரு வரிகளில் சொன்னது இரண்டாம் பாகத்தின் கிளைமாக்ஸில் கைகொடுக்காததுதான். துஃபீர் ஹவாட்டின் பிற்பகுதிக் கதையைப் படம்பிடித்தும் எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். சிந்திக்கும் இயந்திரங்களைத் தடைசெய்த உலகத்தில் மனிதனே கணினியாக மாறுவது நாவலின் பெரிய கற்பனைகளில் ஒன்று. படம் மட்டும் பார்த்தவருக்கு அது ஒருவர் கண் வெள்ளையாகிக் கணக்குச் சொல்லும் ஒரு காட்சியாக நின்றுவிடுகிறது.

இன்னொரு விமர்சனம் வேறு திசையிலிருந்து வருகிறது. ஃப்ரெமன் வாழ்க்கை அரபு, இஸ்லாமியப் பண்பாட்டிலிருந்து தாராளமாக எடுத்தது. நாவலில் 'ஜிஹாத்' என்று வரும் இடங்களைப் படங்கள் 'புனிதப் போர்' என்று மாற்றின. முக்கியமான ஃப்ரெமன் பாத்திரங்களில் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பின்னணி கொண்ட நடிகர்கள் மிகக் குறைவு. இரண்டாம் பாகத்தில் துனீசியத் தந்தைக்குப் பிறந்த சுஹைலா யாகூப் நடித்ததைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை. இது நாவல் பக்தர்களின் பிடிவாதம் இல்லை. யாருடைய பண்பாட்டை எடுத்தார்களோ அவர்களுக்குத் திரையில் இடமில்லை என்ற நியாயமான கேள்வி.

சின்னச் சின்னக் குறைகளும் பாராட்டுகளும் ஏராளம். உடலின் ஈரத்தைச் சேமிக்கும் ஸ்டில்சூட்டை அணிந்துகொண்டு, தலைமறைப்பும் முகமூடியும் இல்லாமல் வெயிலில் நிற்கிறார்களே, மூச்சிலேயே தண்ணீர் போகாதா என்பார்கள். உண்மைதான், ஆனால் நட்சத்திரத்தின் முகத்தை மூடிவைத்து எந்தத் தயாரிப்பாளரும் படம் எடுக்க மாட்டார். கைன்ஸை ஷாரன் டங்கன் புரூஸ்டர் என்ற நடிகை செய்ததைப் பலர் எதிர்த்தார்கள். பாத்திரத்தின் வேலைக்கு அதனால் குறை வரவில்லை, கைன்ஸ் சானியின் தந்தை என்ற உறவை விட்டதும் சூழலியல் பேச்சைக் குறைத்ததும்தான் இழப்பு. தட்டான் சிறகடிப்பது போலப் பறக்கும் ஆர்னிதாப்டர், மெதுவாக வரும் கத்தியை மட்டும் உள்ளே விட்டுச் சிவக்கும் கேடயம், கொக்கியால் தோல் வளையத்தைத் திறந்து மணற்புழுவின் மேல் ஏறும் காட்சி ஆகியவற்றை நாவல் வாசகர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புழு தன் திறந்த சதையில் மணல் படாமல் இருக்கத்தான் மேல்பக்கம் உருண்டு, ஏறியவனை உச்சிக்குக் கொண்டுபோகிறது. இந்த நுணுக்கம் தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சி இன்னும் இனிக்கும்.

ஆகவே ஒரு ரசிகரின் கோபத்தை எதிர்கொள்ளும்போது முதலில் எந்தத் தழுவலைப் பேசுகிறார் என்று பாருங்கள். 1984-ஐயும் 2024-ஐயும் கலந்து பேசினால் சண்டை முடியவே முடியாது. அடுத்து, குறிப்பாக எந்தக் காட்சி என்று கேளுங்கள். 'நாவலின் ஆன்மா இல்லை' என்பதை வைத்துக்கொண்டு பேச ஒன்றுமில்லை. காட்சி கிடைத்ததும் அது நாவலில் என்ன வேலை செய்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அந்த வேலை படத்தில் வேறெங்காவது நடக்கிறதா என்று தேடுங்கள். நடக்கிறதென்றால் அது ரசனை வேறுபாடு. நடக்கவில்லையென்றால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ரசிகர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்று: படித்தபோது மனதில் ஓடிய படத்தையே நாவல் என்று நினைத்துவிடுவது. புத்தகத்தைத் திரும்பப் புரட்டினால் அந்த வரி அங்கே இருக்காது.

புதிதாக நுழைகிறவர் 2021 படத்தை முதலில் பார்ப்பது நல்லது. அது பாலுக்கும் ஜாமிஸ் என்ற ஃப்ரெமன் வீரனுக்கும் நடக்கும் சண்டையோடு முடியும். பிறகு நாவலை முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஜாமிஸ் சண்டையிலிருந்து படிப்போம் என்று தாவினால் யூவேயையும் விருந்தையும் இழப்பீர்கள். பின்னால் உள்ள சொல்லகராதியை மொத்தமாகப் படிக்க வேண்டாம், தடுக்கும் சொல்லை மட்டும் பாருங்கள். அத்தியாயத் தலைப்பில் வரும் இருலனின் மேற்கோள்களைத் தாண்டிவிடாதீர்கள், வரப்போவதை அவை முன்கூட்டியே சொல்லும், ஹெர்பர்ட் வேண்டுமென்றே வைத்த ஸ்பாய்லர்கள் அவை. நாவலை முடித்த பிறகு 2024 படம், அதற்குப் பிறகு லிஞ்ச் படம். 'டூன் மெசையா' அளவில் சிறிய நூல். அதை வைத்து எடுக்கும் மூன்றாம் படத்தை 2026 டிசம்பருக்கு அறிவித்திருக்கிறார்கள். முதல் நாவல் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கும் அந்தக் கதையில் சானி பாலின் அருகிலேயே இருக்கிறாள். அவள் இல்லாமல் நகராத காட்சிகளைப் படிக்கும்போதே குறித்து வைத்துக்கொண்டு படத்துக்குப் போனால், அடுத்த சண்டையில் உங்கள் பக்கத்தை நீங்களே முடிவு செய்யலாம்.